லென்ஸ் திரவம்: புட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள்

வேலூரில் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன் நான். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள், அதைக் கழுவி ஊறவைக்கும் திரவத்தின் விலையைக் கேட்பார்கள். நான் புட்டியின் பின்பக்கத்தைத் திருப்பி, அதில் என்ன கலந்திருக்கிறது என்று காட்டுவேன். பாலிஹெக்சனைடு போன்ற கிருமிநாசினியைச் சில சிலிகோன் ஹைட்ரோஜெல் (ஒருவகை மென்மையான) லென்ஸ்கள் உறிஞ்சிக்கொண்டு, கண்ணுக்குள் போனபின் மெல்லக் கசியவிடும். கருவிழியின் மேற்படலம் ஆங்காங்கே பாதிக்கப்படும். மருத்துவர் மஞ்சள் சாயம் விட்டு நீல ஒளியில் பார்த்தால் அந்த இடங்கள் பச்சைப் புள்ளிகளாகத் தெரியும். ஆகவே போட்ட சில மணி நேரத்தில் உறுத்தினால் பாலாற்றுப் புழுதியை மட்டும் திட்டாதீர்கள். லென்ஸைக் கழற்றிவிட்டு, புட்டியோடு மருத்துவரிடம் போங்கள்.

இரவில் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து, அலசி, புதுத் திரவத்தில் ஊறவையுங்கள். பழையதன்மேல் ஊற்றிச் சிக்கனம் பிடிப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வரும். குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது. அதில் அகாந்தமீபா என்ற, கண்ணைத் தாக்கும் நுண்ணுயிர் இருக்கலாம். 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு வகை என்றால், அதனுடன் வரும் டப்பாவிலேயே குறைந்தது 6 மணி நேரம் ஊற வேண்டும். அவசரப்பட்டால் கண் தீயாய் எரியும்.