அரிசோனாவில் கிலுகிலுப்பைப் பாம்பின் பருவமறிந்து வீட்டைப் பாதுகாப்பது எப்படி?

அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ், டூசான் நகரங்களின் விளிம்பில், பாலைநிலத்தை ஒட்டிய வீடுகளுக்குப் புதிதாகக் குடிவருபவர்கள் முதலில் விசாரிப்பது, வால் நுனியிலுள்ள வளையங்களை அதிர்த்துக் கிலுகிலுவென ஒலியெழுப்பும் நச்சுப்பாம்பான கிலுகிலுப்பைப் பாம்பை (rattlesnake) விரட்ட என்ன தெளிக்கலாம் என்பதைத்தான். நாப்தலீன் உருண்டை, கந்தகப் பொடி ஆகிய இரண்டுமே அதைத் தடுப்பதில்லை. ஊரில் வீட்டைச் சுற்றிச் சிறியாநங்கை நட்டுவைப்பதில் கிடைக்கும் மன ஆறுதலுக்கு மேல் அவற்றில் எதுவுமில்லை. அந்தப் பாம்பு எந்த மாதத்தில் என்ன செய்கிறது, அதை எவை வேட்டையாடுகின்றன என்பதைத் தெரிந்துகொண்டு, வீட்டு வேலைகளை அதற்கேற்ப அமைத்துக்கொள்வதே உருப்படியான வழி. இம்மாநிலத்தில் 13 வகைக் கிலுகிலுப்பைப் பாம்புகள் வாழ்கின்றன. அவற்றுள் குடியிருப்புகளில் அடிக்கடி தென்படுவது, முதுகில் வைர வடிவக் கட்டங்கள் கொண்ட, மூன்று நான்கு அடி நீளமுள்ள மேற்கத்திய வகை.

கோடைமழை பெய்யும் ஜூலை பிற்பகுதி முதல் செப்டம்பர் வரையிலான காலத்தில்தான் அதிகக் கவனம் வேண்டும். இந்தப் பாம்புகள் முட்டையிடுவதில்லை. தாயின் உடலுக்குள்ளேயே வளர்ந்த குட்டிகள், மெல்லிய சவ்வைக் கிழித்துக்கொண்டு வெளிவருகின்றன. ஏறக்குறைய ஓரடி நீளமே இருக்கும் அவை, முதல் தோலை உரிக்கும்வரை, அதாவது ஒரு வாரமோ பத்து நாளோ, பெரும்பாலும் தாயின் அருகிலேயே தங்குகின்றன. எனவே முற்றத்தில் ஒரு குட்டியைக் கண்டால் அருகில் மற்றவையும் தாயும் இருக்கக்கூடும் என்று கொண்டு, கற்குவியலுக்குள்ளோ புதருக்குள்ளோ கைவிட்டுத் தேடுவதைத் தவிர்த்து, உள்ளூர்ப் பாம்பு மீட்பாளரை அழைக்க வேண்டும். சில ஊர்களில் தீயணைப்புத் துறையே இந்தப் பணியைச் செய்கிறது. பிடிப்பவரிடம், வெகுதொலைவு கொண்டுபோகாமல் அருகிலுள்ள காட்டுப்பகுதியிலேயே விடச் சொல்லுங்கள். பழகிய இடத்தை இழந்த பாம்பு அலைந்து திரிந்து மடிந்துவிடும் வாய்ப்பு மிகுதி.

பிறந்த குட்டிக்கு நஞ்சும் நச்சுப்பல்லும் உண்டு, ஓசை மட்டும் கிடையாது. அதன் வால் நுனியில் இருப்பது ஒற்றைக் குமிழ்; உரசி ஒலியெழுப்ப இரண்டாவது வளையம் வேண்டுமல்லவா? ஒவ்வொரு முறை தோலுரிக்கும்போதும் நம் நகத்தைப் போன்ற கெரட்டின் பொருளாலான உள்ளீடற்ற வளையம் ஒன்று வாலடியில் சேர்ந்து, முந்தையதுடன் தளர்வாகக் கோத்துக்கொள்கிறது. ஆண்டுக்குப் பலமுறை தோல் உரிவதாலும், பழைய வளையங்கள் பாறையில் உரசி உடைந்து விழுவதாலும், வளையங்களை எண்ணி வயதைச் சொல்லவே முடியாது. தொலைவிலிருந்து எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: வளையவரிசை நுனியை நோக்கிச் சிறுத்து, உருண்டையான குமிழில் முடிந்தால் அது இன்னும் உடையாத, பெரும்பாலும் இளம் பாம்பின் வால், ஒரே அகலத்தில் வந்து சட்டென்று நின்றால் நுனி உடைந்துவிட்டது என்று பொருள். பெரிய பாம்பும் ஒலியெழுப்பாமலே கடிக்கும் என்பதால், காதை நம்பி இரவில் வெளியே இறங்காமல், மூடிய காலணியும் டார்ச்சும் வைத்துக்கொள்ள வேண்டும். எங்கே கண்டாலும் குறைந்தது ஆறடி விலகியே நில்லுங்கள்.

இனி அதன் பகைவர்கள். செவ்வால் பருந்து, கழுகு, ஓநாயின் இனமான கயோட்டி, காட்டுப்பூனை ஆகியவை குட்டிகளையும் சில வேளை பெரியவற்றையும் தின்கின்றன. ரோட்ரன்னர் பறவை பாம்பின் தலையைக் கவ்வித் தரையில் அடித்துக் கொன்று விழுங்கும். இவற்றையெல்லாம்விட வியப்பானது கிங் ஸ்னேக் எனப்படும் நஞ்சற்ற பாம்பு. நம் ராஜநாகத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. கிலுகிலுப்பைப் பாம்பின் நஞ்சு இதை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. சுற்றி இறுக்கிக் கொன்று, தலையிலிருந்து விழுங்கிவிடும். இதன் வாடையை உணர்ந்ததும் கிலுகிலுப்பைப் பாம்பு வழக்கமான சீற்றத்தைக் கைவிட்டு, தலையைத் தரையோடு ஒட்டி வைத்து, உடலின் நடுப்பகுதியை வளைவாக உயர்த்தி எதிரியை அடிக்கப் பார்க்கிறது. ஆகவே முற்றத்தில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டையிட்ட அந்தப் பாம்பைக் கண்டால் அடிக்காமல் விடுங்கள். ஆயினும், இந்த விலங்குகள் வந்து நம் வீட்டைக் காவல் காக்கும் என்று நம்பியிருப்பது வீண். பருந்துக்கு உங்கள் வேலி எதுவரை என்று தெரியாது.

பாம்பு வருவது நம்மைத் தேடியல்ல, எலியையும் நிழலையும் தேடி. பறவைத் தீனி சிந்துவதையும், விறகு அடுக்குவதையும், நீர்க்குழாய் ஒழுகுவதையும் நிறுத்தினால் எலிகள் குறையும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை பாம்புகள் பெரும்பாலும் பாறைப்பிளவுகளிலும் வளைகளிலும் ஒடுங்கியிருக்கும். மார்ச்சில் வெளிவந்து இணைசேரத் தொடங்கும். வேலி அமைக்கக் குளிர்காலமே ஏற்றது, ஆனால் வெயிலடிக்கும் நாட்களில் அவை வெளியே வந்து காயும் என்பதால், கல்லைப் புரட்டக் கடப்பாரையைப் பயன்படுத்துங்கள். வேலிக்குக் கால் அங்குலக் கண்ணுள்ள கம்பிவலையை மூன்றடி உயரத்துக்கு நிறுத்தி, அடிப்பகுதியைச் சில அங்குலம் மண்ணில் புதைக்க வேண்டும். அரை அங்குலம் போதும் என்று கடைக்காரர் சொன்னாலும் கேட்காதீர்கள். மழைக்காலத்துக் குட்டி அதில் நுழைந்துவிடும். வாயிற்கதவின் அடியிலுள்ள இடைவெளியைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். அதற்கு ரப்பர் பட்டை பொருத்துங்கள்.

இத்தனைக்குப் பிறகும் கடி நேர்ந்தால், கட்டுப்போடுவதும், கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும், பனிக்கட்டி வைப்பதும் கூடாது. மோதிரம், கடிகாரம், வளையல் ஆகியவற்றை வீக்கம் ஏறுமுன் கழற்றி, அவசர உதவிக்கான 911 எண்ணை அழைக்க வேண்டும். குட்டியின் கடி பெரியதன் கடியைவிடக் கொடியது என்று பரவலாகச் சொல்வது உண்மையல்ல, பெரிய பாம்பிடம்தான் நஞ்சு அதிகம். ஆனால் இரண்டுக்குமே மருத்துவமனையில் நச்சுமுறிவு மருந்துதான் சிகிச்சை. கடித்த பாம்பைப் பிடித்தோ அடித்தோ எடுத்துச்செல்லத் தேவையில்லை. வெட்டிய தலையும் சிறிது நேரம்வரை கடிக்கும்.