டிவி எத்தனை இன்ச்? படம் தகட்டிலா, ஓடிடியிலா? அளவு நாடாவிலிருந்து தொடங்குவோம்

"எந்த கம்பெனி டிவி வாங்கலாம்?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: "நீங்கள் உட்காரும் இடத்திலிருந்து டிவி எத்தனை அடி தள்ளி இருக்கும்?" பலர் அதை யோசித்தே பார்த்திருக்க மாட்டார்கள். கடையின் கூடம் பெரியது. பக்கத்திலேயே 85 இன்ச் திரை ஒளிர்ந்துகொண்டிருக்கும். அங்கே 55 இன்ச் சிறியதாகத் தெரியும். வீட்டுச் சுவரில் மாட்டியதும் அதுவே அறையை அடைத்துக்கொள்ளும். நேர்மாறாகவும் நடக்கிறது. பயந்துபோய் 32 இன்ச் வாங்கிவந்து, பத்தடி தள்ளி உட்கார்ந்து, திரையின் அடியில் ஓடும் வசன எழுத்தைப் படிக்கக் கண்ணைச் சுருக்குகிறார்கள்.

அடுத்து வரும் கேள்வி, "ஓடிடி இருக்கும்போது டிவிடி, ப்ளூரே போன்ற தகடுகள் எல்லாம் எதற்கு?" என்பது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு. கண்ணுக்கும் திரைக்கும் உள்ள தூரம் திரையின் அளவைச் சொல்லும். திரையின் அளவு, படம் எங்கிருந்து வந்தால் நல்லது என்பதைச் சொல்லும். அந்த வரிசையிலேயே போவோம். ஓர் அளவு நாடா, பழைய செய்தித்தாள், ஒட்டும் டேப் ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: கண்ணிலிருந்து அளக்கவும்

நாடாவின் ஒரு முனை, சோபாவில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும்போது உங்கள் தலை இருக்கும் இடத்தில் இருக்க வேண்டும். சோபாவின் முன் விளிம்பிலிருந்து அளந்தால் இரண்டடி தவறிவிடும். மறுமுனை திரை நிற்கப்போகும் இடம்; மேசைமேல் வைப்பதானால் சுவரிலிருந்து ஓரடிவரை முன்னால் வரும். வீட்டில் எல்லோரும் பாயில் அமர்ந்து படம் பார்ப்பவர்கள் என்றால் அங்கிருந்தே அளந்துகொள்ளுங்கள்.

கிடைத்த அடிக் கணக்கை 7.5-ஆல் பெருக்குங்கள். அது வசதியாகப் பார்ப்பதற்கான இன்ச் அளவு. அதே அடியை 10-ஆல் பெருக்கினால் திரையரங்கில் நடு வரிசையில் உட்கார்ந்த உணர்வைத் தரும் அளவு கிடைக்கும். எட்டடி என்றால் 60 முதல் 80 இன்ச் வரை. ஆறடி என்றால் 45 முதல் 60 வரை. இந்த எண்களுக்குப் பின்னால் ஒரு கோணக் கணக்கு இருக்கிறது: முதலாவதில் திரையின் அகலம் உங்கள் பார்வையில் சுமார் 30 பாகையை நிரப்புகிறது, இரண்டாவதில் 40 பாகையை. அமெரிக்காவின் திரைப்படப் பொறியாளர் சங்கமான எஸ்எம்பிடிஇ முதல் அளவையும், திரையரங்கத் தரச்சான்று வழங்கும் டிஹெச்எக்ஸ் இரண்டாவதையும் ஒட்டிப் பரிந்துரைக்கின்றன.

செய்தியும் தொடரும்தான் அதிகம் என்றால் 7.5 கணக்கே போதும். படம் பார்க்கத்தான் வாங்குகிறேன் என்பவர்கள் இரண்டுக்கும் நடுவில் நிற்கலாம். கடையில் கிடைப்பவை பெரும்பாலும் 32, 43, 50, 55, 65, 75, 85 என்ற அளவுகள். கணக்கு 60 என்று வந்தால் 65-ஐ எடுங்கள் என்பேன். அதற்கான காரணம் அடுத்த படியில்.

படி 2: இன்ச் என்பது எதை அளக்கிறது?

55 இன்ச் என்பது ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு உள்ள சாய்கோட்டு நீளம். அகலம் 122 சென்டிமீட்டர், உயரம் 68. 43 இன்ச் என்றால் 95-க்கு 54. 65 என்றால் 144-க்கு 81. 75 என்றால் 166-க்கு 93.

டிவி திரையின் வடிவம் 16-க்கு 9. நம் படங்களோ பெரும்பாலும் சினிமாஸ்கோப் அகலத்தில், அதாவது உயரத்தைப் போல 2.39 மடங்கு அகலத்தில் எடுக்கப்படுகின்றன. அவற்றைப் போட்டால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுகிறது. 55 இன்ச் டிவியில் 68 சென்டிமீட்டர் உயரத்துக்குக் காசு கொடுத்திருக்கிறீர்கள். படம் நிறைப்பது 51 சென்டிமீட்டர்தான். கால் பங்கு உயரம் போய்விடுகிறது. 1950-களின் கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு இது தலைகீழ். அவை 4-க்கு 3 வடிவத்துக்கு நெருக்கமானவை. பட்டை இடமும் வலமும் விழும். 55 இன்ச் டிவியில் அந்தப் படம் ஏறக்குறைய 45 இன்ச் அளவுக்குத்தான் தெரியும். பழைய படப் பிரியர்கள் வீட்டில் இருந்தால் இதை மனதில் வைத்து ஓர் அளவு கூட்டி வாங்குங்கள்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு சிறு சேதி: 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்தது. வரிக்குப் பயந்து 32-லேயே நிற்க வேண்டிய தேவை இப்போது இல்லை.

படி 3: செய்தித்தாளை ஒட்டிப் பாருங்கள்

தேர்ந்தெடுத்த அளவுக்குச் செய்தித்தாள்களைச் சேர்த்து சுவரில் ஒட்டுங்கள். இரண்டு நாள் அப்படியே இருக்கட்டும். காலையில் காபி குடிக்கும்போதும் இரவில் உட்காரும்போதும் அது கண்ணில் படட்டும். பெரிதாகத் தோன்றினால் அவசரப்பட வேண்டாம். பெரும்பாலோருக்கு இரண்டாம் நாளே பழகிவிடுகிறது.

உயரத்தைத்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். திரையின் நடுப்பகுதி, உட்கார்ந்திருக்கும் உங்கள் கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும். சோபாவில் உட்கார்ந்தால் கண் தரையிலிருந்து சுமார் 105 சென்டிமீட்டரில் இருக்கும். தரையில் உட்கார்ந்தால் 75-ஐ ஒட்டி. என் வீட்டில் மாட்ட வந்தவர் தாம் நின்றுகொண்டு, தம் கண்ணுக்கு நேராகத் துளையிட்டுவிட்டார். மூன்று மாதம் கழுத்து வலித்த பிறகு வேறு ஆளைக் கூப்பிட்டு ஒன்றரை அடி இறக்கினேன். சுவரில் இன்றும் நான்கு பழைய துளைகள் இருக்கின்றன. ஆகவே ஒட்டிய செய்தித்தாளின் நடுவில் பென்சிலால் ஒரு குறி போட்டு வையுங்கள். மாட்ட வருபவரிடம் அதைக் காட்டுங்கள்.

மேசைமேல் வைப்பவர்கள் டிவியின் கால்கள் எங்கே இருக்கின்றன என்று கடையிலேயே அளந்து பாருங்கள். பல பெரிய டிவிகளுக்குக் கால்கள் இரு ஓரத்திலும் இருக்கும். 65 இன்ச்சுக்கு நாலடி மேசை போதாமல் போகலாம். எதிரே சன்னல் இருந்தால் பகலில் திரையில் உங்கள் முகமே தெரியும். கனமான திரைச்சீலை போடுங்கள்.

படி 4: இந்தத் திரைக்கு எந்தப் படம் தாங்கும்?

ஒரு படம் டிவிக்கு வந்து சேரும்போது நொடிக்கு எவ்வளவு தகவலோடு வருகிறது என்பதைப் பாருங்கள். விசிடியில் நொடிக்கு 1.15 மெகாபிட். டிவிடியில் அதிகபட்சம் 9.8. 2006-இல் வந்த ப்ளூரேயில் 40. 2016-இல் வந்த 4கே (முழு ஹெச்டியைப் போல நான்கு மடங்கு புள்ளிகள் கொண்ட படம்) ப்ளூரேயில் நூறையும் தாண்டும். ஓடிடியில் 4கே பார்க்க நெட்ஃபிளிக்ஸ் கேட்கும் இணைய வேகம் 15 மெகாபிட். மணிக்கு 7 ஜிபி வரை செலவாகும் என்று அதுவே சொல்கிறது. இரண்டரை மணி நேரப் படத்துக்கு 17 ஜிபி சொச்சம். 4கே ப்ளூரே தகட்டில் இருக்கும் இடமோ 66 அல்லது 100 ஜிபி. இரண்டுமே 4கேதான். ஆனால் தகட்டில் வாளியில் வருகிறது, ஓடிடியில் குவளையில்.

குறைவு எங்கே தெரியும்? பகல் வெளிச்சத்தில் இருவர் பேசும் காட்சியில் பெரும்பாலும் தெரியாது. இருட்டு, புகை, மழை, கூட்டம், நீர்ப்பரப்பு ஆகியவற்றில் தெரியும். இருண்ட வானம் படிப்படியாக மங்குவதற்குப் பதில் பட்டை பட்டையாகப் பிரியும். நிழலுக்குள் கட்டம் கட்டமாக ஏதோ ஊரும். ஃபிலிமில் எடுத்த பழைய படங்களின் மணல் போன்ற துகள் அசைவு மெழுகுபோல வழுக்கிவிடும். அந்தத் துகளில்தான் ஒளிப்பதிவாளரின் கை இருக்கிறது; அதை இழப்பது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

இதெல்லாம் உங்கள் கண்ணுக்கு எட்டுமா என்பதை முதல் படியில் அளந்த தூரம் சொல்லும். நல்ல பார்வை உள்ளவர்கூட 43 இன்ச் டிவியில் ஐந்தரை அடிக்கு அப்பால் முழு ஹெச்டிக்கும் 4கேக்கும் உள்ள புள்ளி வித்தியாசத்தைப் பிரித்தறிவது கடினம். 55 இன்ச்சுக்கு அந்த எல்லை ஏழடி. 65-க்கு எட்டரை அடி. பத்தடி தள்ளி 43 இன்ச் பார்ப்பவர், படத்தின் தெளிவுக்காக 4கே தகடு வாங்க வேண்டாம். காசு வீண். எட்டடியில் 75 இன்ச் வைத்திருப்பவருக்கு ஓடிடியின் குறை தினமும் கண்ணில் படும்.

ஒலிக்கும் இதே நியாயம்தான். ப்ளூரே தகடுகளில் இழப்பில்லாத ஒலிப்பதிவு வரும். ஓடிடியில் சுருக்கப்பட்ட ஒலி வரும். டிவியின் பின்பக்கச் சிறு ஸ்பீக்கரில் கேட்டால் இரண்டும் ஒன்று. சவுண்ட்பார் அல்லது தனி ஸ்பீக்கர்கள் இருந்தால்தான் வேறுபாடு காதுக்கு வரும். சவுண்ட்பார் வாங்கினால் டிவியிலும் அதிலும் "இஆர்க்" என்ற ஹெச்டிஎம்ஐ துளை இருக்கிறதா என்று பாருங்கள். டிவி வழியாக முழு ஒலியும் போக அது வேண்டும்.

படி 5: எதை ஓடிடியில் பார்ப்பது, எதைத் தகடாக வாங்குவது

ஒருமுறை பார்த்துவிட்டு மறந்துபோகும் படங்களுக்கு ஓடிடி போதும். புதிய தமிழ்ப் படங்கள் தகடாக வருவதே அரிதாகிவிட்டது. அவற்றுக்கு வேறு வழியும் இல்லை. சந்தா கட்டும்போது திட்டத்தைப் படியுங்கள்: மொபைலுக்கு மட்டுமான திட்டம் டிவியில் ஓடாது, மலிவான திட்டங்களில் 4கே வராது. வைஃபை தடுமாறினால் டிவிக்கு லேன் கேபிள் போடுங்கள்.

திரும்பத் திரும்பப் பார்க்கும் படங்கள் வேறு ரகம். ஓடிடியில் ஒரு படம் இருப்பது ஒப்பந்தக் காலம்வரைதான். "வாங்கு" என்ற பொத்தானை அழுத்திக் காசு கட்டியிருந்தாலும் கிடைப்பது பார்க்கும் உரிமம் மட்டுமே. இதை வாங்குபவரிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று கலிபோர்னியா மாநிலம் சட்டமே இயற்றி, 2025 ஜனவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. உங்கள் அலமாரியில் இருக்கும் தகட்டை யாரும் இரவோடு இரவாக எடுத்துப்போக முடியாது. நான் ஆண்டுக்கு மூன்று நான்கு தகடுகள் வாங்குகிறேன். கணக்கு இதுதான்: ஒரு படத்தை மூன்றாம் முறை பார்க்கத் தோன்றினால் அதற்கு அலமாரியில் இடம் உண்டு.

வீட்டில் ஏற்கெனவே டிவிடிகள் கிடக்கும். 2007-இல் மோசர் பேயர் நிறுவனம் விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று விற்கத் தொடங்கியபோது வாங்கிக் குவித்தவர்கள் பலர். அவற்றைத் தூக்கி எறிய வேண்டாம். சில படங்கள் எந்த ஓடிடியிலும் இல்லை. ஆனால் "ஒரே தகட்டில் மூன்று படம்" என்று இருப்பவற்றில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். இரட்டை அடுக்கு டிவிடியின் கொள்ளளவு 8.5 ஜிபி. இரண்டரை மணி நேரப் படம் ஒன்று தனியாக இருந்தால் நொடிக்கு 7.5 மெகாபிட் கிடைக்கும். மூன்று படங்களைத் திணித்தால் இரண்டரைதான். ஒரே படம் இரண்டு பதிப்பில் கிடைத்தால் தனிப்படத் தகட்டை எடுங்கள்.

படி 6: எந்த பிளேயர்?

டிவிடி பிளேயரில் ப்ளூரே ஓடாது. டிவிடியைப் படிப்பது 650 நானோமீட்டர் சிவப்பு லேசர். ப்ளூரேக்கு 405 நானோமீட்டர் நீல ஊதா லேசர் வேண்டும். ப்ளூரே பிளேயரில் டிவிடியும் ஓடும். 4கே பிளேயரில் மூன்றும் ஓடும். விசிடி மட்டும் மாடலுக்கு மாடல் மாறும், கேட்டு வாங்குங்கள். தகடு போடும் வசதியுள்ள பிளேஸ்டேஷன் 5 அல்லது எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் வீட்டில் இருந்தால் தனி பிளேயர் வேண்டாம். அவை 4கே ப்ளூரேயும் ஓட்டும். பிளேஸ்டேஷன் 4 ப்ரோ 4கே தகட்டை ஓட்டாது. பிளேயர் தயாரித்துவந்த ஒப்போ 2018-இல் இந்தத் தொழிலை விட்டது. 2019-இல் சாம்சங்கும் அமெரிக்கச் சந்தைக்குப் புதிய பிளேயர் கொண்டுவருவதை நிறுத்தியது. ஆகவே தகடு சேர்க்க நினைப்பவர்கள் பிளேயரைத் தள்ளிப்போட வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து தகடு வரவழைக்கும்போது, அது எந்த நாடுகளின் பிளேயரில் ஓடும் என்பதைக் குறிக்கும் வட்டாரக் குறியீட்டைப் பாருங்கள். டிவிடியில் இந்தியாவும் இலங்கையும் 5-ஆம் வட்டாரம். அமெரிக்கா 1, பிரிட்டன் 2. ப்ளூரேயில் நமக்கு சி, அமெரிக்காவுக்கு ஏ, பிரிட்டனுக்கு பி. உறவினர் ஆசையாகக் கொண்டுவந்த ஏ வட்டாரப் ப்ளூரே நம் பிளேயரில் ஓட மறுக்கலாம். 4கே ப்ளூரேக்கு இந்தத் தொல்லை இல்லை. எங்கே வாங்கினாலும் எங்கும் ஓடும்.

படி 7: முதல் படம் போடுவதற்கு முன்

டிவியின் படத்தேர்வில் "சினிமா" அல்லது "ஃபிலிம்மேக்கர்" என்பதை வையுங்கள். அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணையுங்கள். ஒவ்வொரு கம்பெனியும் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கும். படங்கள் நொடிக்கு 24 சட்டகங்களில் எடுக்கப்படுகின்றன. இடையில் டிவி தானாகச் சட்டகங்களைச் செருகினால் படம் தொடர் நாடகம்போல ஆகிவிடும்.

தகட்டைத் துடைக்க வேண்டுமானால் மென்மையான பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் தேய்த்தால் கீறல் தகவலின் போக்கிலேயே விழுந்து படம் சிக்கும். பெட்டியில் நிமிர்த்தி, வெயில் படாத அலமாரியில் வையுங்கள்.

பழைய படம் போடும்போது இருபுறமும் கறுப்பாக இருக்கிறதே என்று ரிமோட்டில் படத்தை இழுத்து நிரப்பும் பொத்தானை யாராவது அழுத்துவார்கள். எங்கள் வீட்டில் அது என் சித்தப்பா. இழுத்தால் நாயகியின் முகம் பூசணிக்காயாகிவிடும் என்று காட்டி, பொத்தானைத் திரும்ப அழுத்தினேன். இப்போது விளக்கை அணைத்துவிட்டு அவரே முதலில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், எட்டடி தூரத்தில்.