தலைக்கு மேல் வேலை வந்தபோது நான் செய்தது

அம்மா இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்திருந்தார். மகனுக்குப் பிளஸ் டூ தேர்வு. எனக்கோ ஆடிட்டர் அலுவலகத்தில் மார்ச் மாத நெருக்கடி: ஜிஎஸ்டி வரிக் கணக்குப் படிவங்களில் ஜிஎஸ்டிஆர்-1-ஐ 11-ஆம் தேதிக்குள், 3பி-யை 20-ஆம் தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டும். எதையாவது விட்டுவிடுவேனோ என்ற பதற்றத்திலேயே பாதித் தெம்பு போய்விட்டது.

முதலில் கைகொடுத்தது ஒரு நோட்டுதான். படுக்கும் முன் மனதில் ஓடுவதையெல்லாம், பால்காரர் பாக்கி உட்பட, எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எப்போது, யார் என்றும் குறித்தேன். வேலை முடியாவிட்டாலும், எப்போது எப்படிச் செய்வது என்று திட்டமிட்டாலே அதைப் பற்றிய நச்சரிப்பு மனதில் குறைகிறது என்று உளவியல் ஆய்வாளர்கள் மாசிகாம்போவும் பாமைஸ்டரும் 2011-இல் ஓர் ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். எனக்கு அப்படியேதான் நடந்தது.

அப்புறம், உதவி கேட்ட விதம். "கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று பொதுவாகச் சொன்னால் யாருக்கும் எதுவும் புரியாது. தம்பியிடம், "சனிக்கிழமை பிசியோதெரபிக்கு அம்மாகூட நீ இருடா" என்றேன்; வந்துவிட்டான். மாத்திரை வேலையை மகனே கேட்டு வாங்கிக்கொண்டான். ஞாயிறு மாலை மருந்துச் சீட்டைப் பார்த்துப் பார்த்து, காலை, மதியம், இரவு என்று டப்பாவில் பிரித்துப் போடுவான். நான் ஒருமுறை சரிபார்ப்பேன், அவ்வளவுதான்.

வேலை குறையவில்லை; தூக்கம் வந்தது. தூக்கமே இல்லாமல், அழுகை அடங்காமல் தவிப்பவர்கள் நோட்டை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் 14416-க்குக் கூப்பிடுங்கள். இலவசம்தான், தமிழிலேயே பேசலாம்.