எச்4 பிள்ளைக்கு 14 வயதானால் ஜி-325ஆர்: எஃப்என்யூவில் மாட்டிக்கொண்ட கதையோடு

மகளின் பிறந்தநாள் முடிந்து ஒரு வாரம். மீந்த கேக்கை டப்பாவில் போட்டு எதிர்வீட்டு அக்காவிடம் கொடுக்கப் போனபோது அவர் கேட்டார்: "பாப்பாவுக்கு 14 ஆயிடுச்சே, ரெஜிஸ்ட்ரேஷன் பண்ணிட்டியா?" எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஸ்கூலைச் சொல்கிறார் என்றே நினைத்தேன்.

அவர் சொன்னது அமெரிக்க அரசின் வெளிநாட்டவர் ('ஏலியன்') பதிவு. சட்டம் புதிதில்லை, 1940இல் வந்தது. விசா வாங்கி முறைப்படி வந்தவர்களுக்கு ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்ததற்கான பதிவுச்சீட்டு) கிடைத்தாலே பதிவானதாகக் கணக்கு என்பதால் நம்மில் யாரும் இதைக் கவனித்ததே இல்லை. 2025 ஜனவரி 20 அன்று வந்த அதிபர் ஆணை இந்தச் சட்டத்தைத் தூசி தட்டச் சொன்னது. மார்ச் 12 அன்று விதி வெளியானது, ஏப்ரல் 11 முதல் நடைமுறைக்கு வந்தது. நிறுத்தச் சொல்லி வழக்குப் போட்டார்கள். விதி நடைமுறைக்கு வருவதற்கு முந்தின நாள் நீதிபதி தடை விதிக்க மறுத்துவிட்டார்.

நம் வீடுகளை இடிக்கும் இடம் ஒன்றுதான். சின்ன வயதில் கைரேகை எடுக்காமல் விசா கொடுத்த பிள்ளைகள், இங்கே இருக்கும்போது 14 வயதைத் தொட்டால், பிறந்தநாளிலிருந்து 30 நாளுக்குள் ஜி-325ஆர் என்ற ஃபாரத்தில் மறுபடி பதிவு செய்து கைரேகை கொடுக்க வேண்டும். எச்4 (எச்1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்குத் தரும் விசா) பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்த ரகம்தான். வேண்டுமென்றே பதியாமல் விட்டால் 5,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று விதி சொல்கிறது. எனக்கு மீதி இருந்தது 22 நாள்.

நான் வக்கீல் இல்லை. எங்கள் கேஸ் சிக்கலில்லாத கேஸ். பிள்ளையின் ஸ்டேட்டஸில் இடைவெளி இருந்தாலோ, போலீஸ் விவகாரம் ஏதாவது இருந்தாலோ இதைப் படித்துவிட்டு நீங்களே நிரப்ப உட்காராதீர்கள், முதலில் வக்கீலைப் பாருங்கள். அந்த ஃபாரத்தில் குற்றப் பதிவு பற்றியும் கேள்வி உண்டு.

1. பிள்ளைக்குத் தனி அக்கவுண்ட்

ஜி-325ஆர் ஆன்லைனில் மட்டும்தான், தபாலில் அனுப்ப முடியாது. யுஎஸ்சிஐஎஸ் (குடியேற்றத் துறை) தளத்தில் பிள்ளை பெயரிலேயே தனி அக்கவுண்ட் வேண்டும். உங்கள் அக்கவுண்டுக்குள் நுழைந்து பிள்ளைக்கு நிரப்பாதீர்கள். ஈமெயிலும் தனியாக இருக்கட்டும். பள்ளிக்கூட ஈமெயில் வேண்டவே வேண்டாம், பள்ளி மாறினால் அதோடு போய்விடும்.

இரண்டாம் கட்ட சரிபார்ப்புக்கு எஸ்எம்எஸ்ஸைத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்பேன். போன் நம்பர் மாற்றிய பிறகு பழைய அக்கவுண்டுக்குள் போக நான் பட்ட பாடு போதும். ஆத்தென்டிகேட்டர் ஆப்தான் என் கட்சி. அது தரும் பேக்கப் கோடைப் பிரிண்ட் எடுத்து பாஸ்போர்ட் ஃபைலில் வைத்துவிடுங்கள்.

பணம் எதுவும் கட்ட வேண்டாம், நாங்கள் செய்தபோது கட்டணமே இல்லை. கூகுளில் தேடினால் கிரெடிட் கார்டு கேட்கும் தளங்கள் வரும். முகவரி டாட் ஜிஓவி என்று முடியாவிட்டால் மூடிவிடுங்கள்.

2. ஐ-94 எடுப்பது (நான் விழுந்த குழி)

ஃபாரத்தைத் தொடுவதற்கு முன்னால் பிள்ளையின் ஐ-94ஐ சிபிபி (சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறை) தளத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் நம்பர் போட்டால் ஐந்து நிமிட வேலை. எனக்கு இரண்டு ராத்திரி போனது.

நம் ஊர் வழக்கப்படி மகளுக்கு சர்நேம் கிடையாது. பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலி, கிவன் நேம் வரியில் அவள் பெயரும் அப்பா பெயரும் சேர்ந்து. நான் அவள் பெயரை ஃபர்ஸ்ட் நேமிலும் அப்பா பெயரை லாஸ்ட் நேமிலும் போட்டேன். பதிவு எதுவும் இல்லை என்றது. மாற்றிப் போட்டேன். இல்லை. பிள்ளை நாட்டுக்குள் வந்ததற்கே ஆதாரம் இல்லையோ என்று வயிற்றில் புளியைக் கரைத்தது.

மறுநாள் ராத்திரி விசா ஸ்டாம்பிங்கை உற்றுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. சர்நேம் இடத்தில் முழுப் பெயர், கிவன் நேம் இடத்தில் எஃப்என்யூ. முதல் பெயர் தெரியவில்லை என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் சுருக்கெழுத்து அது. அதாவது பாஸ்போர்ட்டில் 'கயல்விழி முருகன்' என்று கிவன் நேமில் இருந்தால், ஐ-94 தளத்தில் லாஸ்ட் நேம் 'கயல்விழி முருகன்', ஃபர்ஸ்ட் நேம் 'எஃப்என்யூ'. பாஸ்போர்ட்டை மூடிவிட்டு விசாவில் இருப்பதை அப்படியே போட்டேன், ஒரே தட்டில் வந்துவிட்டது. ஊரில் தாத்தா, அப்பா, அவள் என்று மூன்று தலைமுறையை ஒரு இனிஷியலில் அடக்கிவிடுவோம். இங்கே அதற்குப் 'பெயர் தெரியாதவள்' என்று பட்டம்!

ஜி-325ஆரிலும் ஐ-94இல் உள்ளபடியே நிரப்பினேன். பள்ளியில் வேறு மாதிரி பிரித்து எழுதியிருந்த பெயரை, வேறு பெயர்கள் கேட்கும் இடத்தில் போட்டேன்.

இன்னொரு கண்ணி: தளத்தில் வருவது கடைசியாக நாட்டுக்குள் நுழைந்தபோது கொடுத்த ஐ-94. அதற்குப் பிறகு இங்கேயே எச்4 நீட்டித்திருந்தால், புதிய காலாவதித் தேதி ஐ-797ஏ (நீட்டிப்புக்கு ஒப்புதல்) தாளின் அடியில் இருக்கும் ஐ-94 துண்டில் இருக்கும். நான் முதலில் பழைய தேதியைப் போட்டுவிட்டேன். அனுப்புவதற்கு முன் கணவர் பார்த்துத் திருத்தினார்.

3. ஃபாரம் நிரப்புவது

இது பெரிய விஷயமில்லை. உயரம், எடை, கண் நிறம், பெற்றோர் விவரம், எப்போது எந்த ஊர் வழியாக வந்தீர்கள், இங்கே என்ன செய்கிறீர்கள் ("மாணவி"), எவ்வளவு காலம் இருக்க உத்தேசம். தேதியில் மாதம் முதலில் வரும், மறக்காதீர்கள். எங்கள் வீட்டில் 14 வயதுப் பெண் இதையெல்லாம் தானே டைப் செய்தாள். "அம்மா, நான் நிஜமாவே ஏலியனா?" என்று வேறு கேட்டாள்.

ஐந்து வருட முகவரிதான் நேரம் பிடிக்கும். இடையில் ஒரு மாதம்கூட விடுபடாமல் வரவேண்டும். பழைய அபார்ட்மென்ட் லீஸ் பேப்பர்களைத் தேடி எடுத்தபோது வேறொன்றும் வெளியே வந்தது: போன வருடம் வீடு மாறியபோது ஏஆர்-11 (முகவரி மாற்ற ஃபாரம்) எனக்கும் கணவருக்கும் போட்டிருந்தோம், மகளுக்குப் போடவில்லை. முகவரி மாறினால் 10 நாளுக்குள் சொல்ல வேண்டும், குடும்பத்துக்கு ஒன்று என்றில்லை, ஆளுக்கு ஒன்று. தாமதமானாலும் அன்றைக்கே போட்டோம்.

4. கைரேகை

அனுப்பிய பிறகு அக்கவுண்டில் அப்பாயின்ட்மென்ட் நோட்டீஸ் வரும். அதைப் பிரிண்ட் எடுத்து, பிள்ளையின் ஒரிஜினல் பாஸ்போர்ட்டோடு குறித்த நேரத்துக்குப் போனால் போதும். எங்களுக்கு அரைமணி நேரத்துக்குள் முடிந்தது. அந்த நாளில் பரீட்சை இருந்தால் அக்கவுண்டிலேயே தேதியை மாற்றக் கேட்கலாம், போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

5. சான்று

கைரேகை முடிந்தபின் பதிவுச் சான்று பிடிஎஃப்பாக அக்கவுண்டில் ஏறும். கார்டு எதுவும் தபாலில் வரும் என்று காத்திருக்காதீர்கள். பதிவுச் சான்றை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்ற விதி 18 வயது ஆனவர்களுக்குத்தான். ஆனாலும் போனில் ஒன்று, ஃபைலில் ஒன்று வைத்திருக்கிறோம். இந்தச் சான்றால் விசாவோ ஸ்டேட்டஸோ நீளாது, பதிவு செய்ததற்கு ஆதாரம், அவ்வளவுதான்.

பிற்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு மூன்று பேர் கேட்டதால் சேர்க்கிறேன். கிரீன் கார்டு வைத்திருக்கும் பிள்ளைக்கு 14 ஆனால் ஜி-325ஆர் இல்லை, அதே 30 நாளுக்குள் ஐ-90 (கிரீன் கார்டை மாற்றிக்கொள்ளும் ஃபாரம்) போட வேண்டும். இங்கேயே பிறந்த பிள்ளை குடிமகன், அவனுக்கு எதுவும் வேண்டாம்.

இன்னொன்று: ஊரிலிருந்து விசிட்டர் விசாவில் வந்திருக்கும் அப்பா அம்மாவுக்குப் பதிய வேண்டுமா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். வேண்டாம், அவர்களுடைய ஐ-94தான் பதிவு. ஆனால் அவர்கள் 18 தாண்டியவர்கள் என்பதால் அந்த ஐ-94 பிரிண்ட் அவர்கள் கையில் இருக்க வேண்டும், காலையில் வாக்கிங் போகும்போதும். என் மாமனார் சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் நாலாக மடித்து வைத்திருக்கிறார். தேடும்போது வராவிட்டால், தம்பி, அங்கேயும் எஃப்என்யூவைப் போட்டுப் பாருங்கள்.