நெல்லில் நோயெதிர்ப்பைத் தேடும்போது விடும் பிழைகள்

வயல் பச்சைப்பசேலென்று நிற்கிறது, ஓர் இலையில்கூடப் புள்ளி இல்லை. உடனே "எரிபந்தம் தாங்கும் வரிசை" என்று புத்தகத்தில் எழுதிவிடுகிறோம். எரிபந்தம் என்பது பங்கசால் இலை கருகும் நோய்; வரிசை என்பது இனவிருத்தியில் சோதிக்கும் நெல் வழி. இனவிருத்தியில் ஆகப் பெரிய பிழை இதுதான். நோய் வராமல் தப்புவது வேறு, வந்த நோயைத் தாங்குவது வேறு.

எரிபந்தப் பங்கசுக்கு 25 முதல் 28 பாகை வரை வெப்பமும், இரவில் நெடுநேரம் ஈரமாக இருக்கும் இலையும் வேண்டும். வன்னியில் அது காலபோகத்தில், மார்கழி, தையில் கிடைக்கும். சிறுபோக வெயிலில் எடுத்த எரிபந்தக் குறிப்பை நம்பி எந்த வரிசையையும் தெரிவு செய்யாதீர்கள். காலபோகத்திலும் நோயை நாமே வரவழைக்க வேண்டும். பத்து வரிசைக்கு ஒன்றாக, எளிதில் நோய்க்கு விழும் இனமொன்றை நடுங்கள். பாத்தியைச் சுற்றியும் அதையே இரண்டு வரி விதையுங்கள். நெருக்கமாக விதைத்து, யூரியாவைக் கூட்டி, மாலையில் நீர் தெளியுங்கள். அந்த ஒப்பீட்டு வரிசை கருகவில்லையா? அந்தப் போகத்துக் குறிப்பு முழுவதையும் தள்ளிவிடுங்கள். மனம் கேட்காதுதான்.

பற்றீரியா இலை வெளிறலுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. கத்தரிக்கோலைப் பற்றீரியாக் கரைசலில் தோய்த்து, மட்டம் வெடித்து முடியும் பருவத்தில் இலை நுனியில் 2 முதல் 3 சென்ரிமீற்றர் வெட்டுங்கள். 14ஆம் நாள் வெளிறலின் நீளத்தை அளவுகோலால் அளங்கள், கண்மதிப்பு வேண்டாம். பற்றீரியாவை உங்கள் மாவட்டத்து வயலிலேயே பிரித்தெடுங்கள். வேறொரு நாட்டுக் கிருமி வகையை வென்ற மரபணு, இரணைமடுக் குளத்தின் கீழுள்ள வயல்களின் வகையிடம் தோற்கக்கூடும்.

அடுத்த பிழை கொஞ்சம் நுட்பமானது. இலை வெளிறலை எதிர்க்கும் எக்ஸ்ஏ5, எக்ஸ்ஏ13 இரண்டும் பின்னடைவான மரபணுக்கள், அதாவது இரண்டு பிரதியும் இருந்தால்தான் வேலை செய்யும். ஒரு பிரதி மட்டும் உள்ள செடி, நோய்ச் சோதனையில் எதிர்ப்பற்ற செடிபோலவே கருகும். பிற்கலப்பின்போது (கலப்புச் செடியை மீண்டும் தாயினத்தோடு கலக்கும்போது) இலையைப் பார்த்துச் செடி பொறுக்கினால், தேடிய மரபணுவையே பிடுங்கி எறிந்துவிடுவீர்கள். ஒவ்வொரு தலைமுறையிலும், மரபணுவுக்கு அருகிலுள்ள அடையாளமான டி.என்.ஏ. குறியீட்டால்தான் பார்க்க வேண்டும். குறியீடும் ஒரு பக்கம் மட்டும் போதாது: அது மரபணுவிலிருந்து 5 சென்ரிமோர்கன் (மரபணுத் தொலைவின் அலகு) தள்ளியிருந்தால், ஏறக்குறைய நூற்றுக்கு ஐந்து செடிகளில் குறியீடு இருக்கும், மரபணு இராது. இரு பக்கமும் குறியீடு வைத்தால் இந்த ஏமாற்றம் வெகுவாகக் குறையும். கூடவே ஒட்டிவரும் வேண்டாத துண்டையும் வெட்டலாம்.

எண்ணிக்கையிலும் கஞ்சத்தனம் உண்டு. மூன்று எதிர்ப்பு மரபணுக்களை ஒரே செடியில் சேர்க்கப் பார்க்கிறீர்கள் என்று வையுங்கள். மூன்றும் இரட்டைப் பிரதியாகச் சேரும் செடி, இரண்டாம் தலைமுறையில் 64க்கு ஒன்று. அப்படி ஒன்றாவது கிடைப்பதை 95 வீதம் உறுதிப்படுத்த 191 செடிகள் வேண்டும். ஐம்பது செடி நட்டுவிட்டு "இனக்கலப்புச் சரிவரவில்லை" என்றால் நெல் என்ன செய்யும்?

ஒரே மரபணுவை நம்பியிருப்பதும் ஆபத்து. 1973இல் வந்த ஐ.ஆர். 26 என்ற நெல்லினம், பிபிஎச்1 என்ற ஒற்றை மரபணுவால் அறக்கொட்டி என்னும் தத்துப்பூச்சியைத் தடுத்தது. சில ஆண்டுகளிலேயே பூச்சி அதைக் கடந்துவிட்டது. இலங்கையின் பழைய நெல்லான ரத்து ஹீனட்டியில் ஒன்றுக்கு மேற்பட்ட எதிர்ப்பு மரபணுக்கள் உண்டு. அதன் பெறுமதியே அதுதான். ஆனால் பழைய நெல்லை ஒரு தடவை மட்டும் கலந்துவிட்டு நிறுத்தினால் உயரமும் சாய்வும் சேர்ந்தே வரும். மூன்று பிற்கலப்பில்தான் தாயினத்தின் பங்கு சராசரியாக 93.75 வீதத்தைத் தொடும்.

பூநகரி போன்ற உவர்நிலங்களுக்கான தெரிவில் நாற்றைச் சோதித்ததோடு நிறுத்திவிடுகிறார்கள். நாற்றில் உவர் தாங்குவதும் பூக்கும்போது தாங்குவதும் வேறு வேறு மரபணுக்களின் வேலை. உவர் தாங்க உதவும் சோல்டோல் என்ற மரபணுப் பகுதி முதலாவதற்கு மட்டுமே பெரிதும் உதவும். மானாவாரிக் காலபோகத்தில் ஐப்பசி, கார்த்திகை மழை உப்பைக் கழுவிவிடும். மழை நின்று வயல் காயும்போது அது மேலேறும், அப்போது பயிர் கதிரில் நிற்கக்கூடும். உப்பின் அளவைக் காட்டும் மண்சாற்றின் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 3 டெசிசீமனைத் தாண்டினாலே விளைச்சல் குறையத் தொடங்கும். எனவே கதிர் பருவத்தில் மறுபடி அளங்கள். பதர் எத்தனை வீதம் என்று எண்ணுங்கள்.