குறை எண்ணெயில் இல்லை, பிளக்கில்

கும்பகோணம் பக்கம் பிவிசி பைப் ஃபிட்டிங் போடும் சின்ன யூனிட். ஐப்பசி அடைமழை விட்ட மறுநாள் இன்ஜெக்‌ஷன் மெஷின் திக்கித் திக்கி ஓடியது, எல்போ எல்லாம் பாதி நிரம்பாமல் விழுந்தது. சர்வோ ப்ரோபோர்ஷனல் வால்வு போச்சு, எண்ணெய் அழுக்கு, மாத்திடுங்க சார் என்றார் சர்வீஸ்காரர். விலையைக் கேட்டதும் முதலாளி என்னைப் பார்த்தார்.

மெஷினை இயக்கும் ஹைட்ராலிக் எண்ணெயின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் இந்த வால்வு, திறக்க மூட மட்டும் தெரிந்த வெறும் ஆன்-ஆஃப் சொலினாய்டு இல்லை. கன்ட்ரோலர் மைனஸ் 10 முதல் பிளஸ் 10 வோல்ட் வரை கட்டளை அனுப்பும், அதற்கேற்ற அளவு ஸ்பூல் (எண்ணெய் வழியைத் திறந்து மூடும் உள்தண்டு) நகரும், எவ்வளவு நகர்ந்தது என்று எல்விடிடி சென்சார் அளந்து வால்வின் தலையிலேயே இருக்கும் கார்டுக்குச் சொல்லும், கார்டு குறையைச் சரிக்கட்டிக்கொண்டே இருக்கும். ஆக, கட்டளையையும் ஸ்பூல் நிலையையும் ஒப்பிட்டாலே பாதி நோய் தெரிந்துவிடும்.

வால்வுக்கும் அதன் பிளக்குக்கும் நடுவில் டெஸ்ட் கேபிள் போட்டேன். டி, ஈ பின்களில் கட்டளை 6 வோல்ட், அசையவில்லை. ஸ்பூல் நிலையைச் சொல்லும் எஃப் பின்னிலோ 3-க்கும் 5-க்கும் இடையே ஊசலாட்டம். அழுக்கில் சிக்கிய ஸ்பூல் இப்படி ஆடுமா என்று சந்தேகம் வந்தது. சரி, சப்ளையைப் பார்ப்போம் என்றால், பேனலில் 24 வோல்ட், வால்விடம், அது வேலை செய்யும்போது, 16!

பவரை அணைத்துப் பிளக்கைப் பிரித்தேன். 24 வோல்ட் வரும் ஏ பின்னில் ஒயரை அழுத்திப் பொருத்திய (கிரிம்ப்) இடத்தில், புளி போட்டுத் தேய்க்காத பித்தளைக் குடம் மாதிரி பச்சைக் களிம்பு. கேபிள் மேலிருந்து நேராக இறங்கியதால் ஒழுகிய மழைத்தண்ணீர் அதன் வழியே உள்ளே போயிருக்கிறது.

புது பிளக் போட்டு, கேபிளைக் கீழே வளைத்து மேலேற்றிக் கட்டினேன். கட்டளை 6, ஸ்பூல் 6.