பின்கட்டில் ஓர் அறை: 'சின்ன பெர்மிட்'டை நம்பி இறங்காதீர்கள்

கோலாலம்பூரில் வரிசை வீடு வாங்கிக் குடியேறிய கையோடு, அப்பா அம்மா வந்தால் தங்க பின்னால் ஓர் அறை, ஒட்டினாற்போல் ஒரு குளியலறை என்று மனக்கணக்கு தொடங்கிவிடும். ஊரில் என்றால் கொத்தனாரைக் கூப்பிட்டுக் கட்டிவிட்டு, வரன்முறைத் திட்டம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம். இங்கே அது எடுபடாது. 1974ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70ஆம் பிரிவுப்படி, எழுத்துப்பூர்வ அனுமதி கையில் வந்த பிறகுதான் கடைக்கால் தோண்ட வேண்டும். அனுமதியில்லாததை இடிக்க 72ஆம் பிரிவு இருக்கிறது.

நடைமுறை பெரிய வித்தையில்லை. வீட்டுப் பத்திரம், நிலவரி, மதிப்பீட்டு வரி ரசீதுகளோடு பதிவுபெற்ற வரைவாளரையோ ஆர்க்கிடெக்டையோ பிடியுங்கள்; பிளான் போட்டு நகர மன்றத்தில் சமர்ப்பிப்பது அவர் வேலை. எந்த மன்றம் என்பது ஊரைப் பொறுத்தது: கோலாலம்பூருக்கு டிபிகேஎல், சாலையைத் தாண்டி பெட்டாலிங் ஜெயா போனால் எம்பிபிஜே, பினாங்குத் தீவுக்கு எம்பிபிபி. ஒவ்வொன்றுக்கும் விண்ணப்பப் பாரமும் வைப்புத்தொகையும் வேறு. ஜார்ஜ்டவுன் பாரம்பரிய வட்டாரத்துக் கடைவீடு என்றால் தனிக் கெடுபிடி. வாடகை வீடா? உரிமையாளர் கையெழுத்தில்லாமல் ஆணிகூட அடிக்காதீர்கள்.

எல்லாரும் மாட்டுவது கொந்திராக்டரின் ஒரு வாக்கியத்தில்தான்: "அண்ணே, பெர்மிட் நான் எடுத்துட்டேன்." எடுத்திருப்பார், பொய்யில்லை. ஆனால் அது டைல்ஸ் மாற்ற, கிச்சன் கேபினெட் போட எடுத்த சின்ன பெர்மிட்டாக இருக்கும். கூரை போட்ட புது அறைக்கு அது செல்லாது. தாளை வாங்கிப் படியுங்கள்: லோட் எண் (மனை எண்), வேலையின் விவரம், காலாவதித் தேதி, கூடவே மன்ற முத்திரை விழுந்த பிளான். பிளான் இல்லையென்றால் அறைக்கு அனுமதி இல்லை. நோட்டீஸ் வரும்போது அதில் இருப்பது வீட்டுக்காரர் பெயர். கொந்திராக்டர் அடுத்த தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வேலையாக இருப்பார்.

பிளானுக்குச் செலவழிக்க மனமில்லாதவர்கள் அது எதையெல்லாம் காட்டிக்கொடுக்கும் என்று யோசிப்பதில்லை. பின்கட்டில் இரும்பு மூடி தெரிகிறதா? கழிவுநீர் மேன்ஹோல் அது. அதன்மேல் டைல்ஸ் ஒட்டி அறையாக்கினால், அடைப்பு எடுக்கத் தரையை உடைக்க வேண்டியதுதான். புதுக் கூரையின் மழைக்குழாயை அதிலேயே இறக்கிவிடுகிற மேதைகளும் உண்டு. இங்கே மழைநீர் லோங்காங் எனும் வடிகாலுக்கு, கழிவுநீர் சூவரேஜ் குழாய்க்கு. கலந்தால் அடைமழை நாளில் குளியலறை ஓட்டை வழியே எல்லாம் மேலே வரும்.

அடுத்தது காற்று. 1984ஆம் ஆண்டின் கட்டட உட்சட்டம், யூபிபிஎல் என்பார்கள், ஜன்னல் பரப்பு தரைப்பரப்பில் குறைந்தது 10 விழுக்காடு, அதில் காற்று புகும் திறப்பு 5 விழுக்காடு இருக்க வேண்டும் என்கிறது. பத்துக்குப் பத்தடி அறைக்குப் பத்துச் சதுர அடி ஜன்னல். படுக்கையறை எவ்வளவு சிறியதானாலும் 6.5 சதுர மீட்டர், அதாவது சுமார் 70 சதுர அடிக்குக் குறையக்கூடாது. புது அறைக்கு ஜன்னல் வைத்துவிட்டு, பழைய சமையலறை ஜன்னல் அந்த அறைக்குள்ளேயே திறப்பதை மறந்துவிடுவார்கள். வெளிச்சத்துக்குத் திறந்தவெளி விடாத பிளான் அங்கேயே திரும்பிவரும்.

பணத்தை விழுங்குவது அஸ்திவாரம். கிள்ளான் பள்ளத்தாக்கில் பல தாமான்கள் பழைய ஈயச் சுரங்க நிலத்தை நிரப்பி எழுந்தவை. பழைய வீடு பைல்மேல், அதாவது மண்ணில் ஆழமாக இறக்கிய தூண்கள்மேல் நிற்கும்; புது அறையை ஆழமில்லாத கான்கிரீட் பாதம் மட்டும் போட்டு நிறுத்தி, கம்பியைப் பழைய தூணில் துளைத்துச் செருகுவார்கள். மண் அமுங்க அமுங்கப் புதுப்பகுதி மட்டும் இறங்கும். இரண்டும் சேரும் இடத்தில் சாய்ந்த விரிசல் விழும், மழை ஒழுகும், பூச்சு பூசினாலும் திரும்ப வரும். பக்காவ் (சதுப்புநில மரம்) பைலா, மெல்லிய மைக்ரோபைலா என்பதை இன்ஜினியர் சொல்லட்டும். புது அறைக்குத் தனித் தூண்கள் வேண்டும். நடுவில் இடைவெளி விட்டு நெகிழ்வான சீலண்டால் அடைத்து, மேலே தகடு போட வேண்டும். கொட்டேஷனில் 'அஸ்திவாரம் உட்பட' என்று மட்டும் இருந்தால் திருப்பிக் கொடுங்கள். எத்தனை பைல், எத்தனை அடி என்று எழுதி வாங்குங்கள்.

மின்சாரத்துக்கு சுருஹான்ஜாயா தெனாகா எனும் எரிசக்தி ஆணையத்தில் பதிவான வயர்மேன்தான். வாட்டர் ஹீட்டருக்கு, மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 10 மில்லிஆம்பியர் ஆர்சிடி. முடிந்ததும் பாரம் ஜியும் எச்சும், அதாவது வேலை முடிந்ததற்கும் சோதித்ததற்குமான சான்றிதழ்கள், கையில் வர வேண்டும். கடைசித் தவணையை அதுவரை நிறுத்திவையுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரரின் சம்மதக் கடிதம் தேவைப்படலாம். முறுக்குப் பொட்டலத்தோடு முன்கூட்டியே போங்கள்; டிரில் சத்தம் கேட்ட பிறகு போனால் முகம் வேறாக இருக்கும். அப்படியே அவர் வீட்டுச் சுவரைத் தேதியோடு படம் எடுத்து இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஏற்கெனவே இருக்கிற விரிசல்கள் நாளைக்கு உங்கள் கணக்கில் சேரக்கூடாது.